எகிப்தியர்கள் கடலில் போனார்களா? சுவரில் வரைந்ததைத் தவிர வேறு சான்று உண்டா?

வகுப்பறைச் சன்னல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். போன வாரம் பண்டைய நாகரிகங்கள் பாடத்தில், "எகிப்தியர்கள் நைல் ஆற்றோடு வாழ்ந்தவர்கள், கடல் வாணிபத்தைப் பினீஷியர்களிடம் விட்டுவிட்டார்கள்" என்று சொன்னேன். நான் படித்த காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அப்படியானால் எகிப்து அரசி ஹட்ஷெப்சுட்டின் கோயில் சுவரில், தெற்கே கடல் கடந்து பூந்த் நாட்டுக்குப் போன கப்பல்களைச் செதுக்கியிருக்கிறார்களே டீச்சர், அது எப்படி?" என்று கேட்டாள்.

அரசர்கள் பெருமைக்காக எதையும் செதுக்கச் சொல்வார்கள், சுவரை மட்டும் நம்ப முடியாது என்று பதில் சொல்லி உட்கார வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனம் ஒப்பவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னதுதான் அரைகுறை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சுவர்ச் சிற்பம், கல்வெட்டுப் பெருமை இவற்றையெல்லாம் தள்ளிவைத்துவிடுங்கள். மண்ணைத் தோண்டிக் கையில் எடுத்த பொருள்களில், எகிப்தியர்கள் கடலில் போனதற்குச் சான்று இருக்கிறதா? தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்வேன்.

---

மணற்கேணி எழுதியது:

அம்மா, முதலில் அந்த மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். சான்று இருக்கிறது. நான் பதினைந்து வருடமாக இந்த அகழாய்வுச் செய்திகளைத் தேடித்தேடிப் படிப்பவன். இந்த ஒரு இடத்தைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தின் பெயர் மெர்சா கவாசிஸ். எகிப்தின் செங்கடல் கரையில், சஃபாகா துறைமுகத்துக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. இன்று போய்ப் பார்த்தால் காய்ந்த ஓடை ஒன்று கடலில் சேரும் இடம், அவ்வளவுதான். 4,000 ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே புகுந்து நின்ற காயல் அது; கப்பலை ஒதுக்கி நிறுத்த வாகான இடம். 1976-ல் அலெக்ஸாண்ட்ரியா பல்கலைக்கழகத்தின் அப்தெல் மோனெம் சையத் அங்கே தோண்டினார். கல் நங்கூரங்களும், எழுத்துப் பொறித்த கற்களும் கிடைத்தன. அப்போதும் நம்பாதவர்கள் இருந்தார்கள். துளையிட்ட கல்லெல்லாம் நங்கூரம் ஆகிவிடுமா என்று கேட்டார்கள்.

2001-லிருந்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்ரின் பார்டும், நேப்பிள்ஸின் ரொடோல்ஃபோ ஃபட்டோவிச்சும் அங்கே வேலையைத் தொடர்ந்தார்கள். 2004 டிசம்பரில் மேட்டுச் சரிவில் மணலை விலக்கிக்கொண்டிருந்த பார்டின் கை, பாறையில் ஒரு சந்துக்குள் போனது. பழைய பவளப்பாறை மேட்டைக் குடைந்து செய்த குகையின் வாய் அது. அதன் பிறகு பல குகைகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

அவற்றுள் ஒரு குகையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அதன் உட்பகுதித் தரையில் கப்பல் கயிறுகள் இருந்தன. துண்டும் துணுக்கும் அல்ல. இருபதுக்கும் மேற்பட்ட முழுச் சுருள்கள். மாலுமி ஒருவன் கயிற்றைச் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போன அதே நிலையில் கிடந்தன. பாப்பிரஸ் நாரில் திரித்த கயிறு என்று நார் ஆய்வில் தெரிந்தது. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த பயணத்துக்கு வேண்டும் என்று பத்திரப்படுத்திய கயிறு 3,800 வருடம் காத்துக்கொண்டிருக்கிறது! தொட்டால் உதிர்ந்துவிடும் என்பதால் பெரும்பாலானவற்றை எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்தார்கள். அது சரியான முடிவு.

குகைகளுக்கு வெளியே சுமார் 40 மரப்பெட்டிகள் கிடைத்தன. சரக்குப் பெட்டிகள். ஒரு பெட்டியில் நான்காம் அமெனெம்ஹட்டின் எட்டாம் ஆட்சியாண்டும், ஜெடி என்ற எழுத்தரின் பெயரும், "பூந்த் நாட்டின் அதிசயப் பொருள்கள்" என்ற குறிப்பும் இருக்கின்றன. இது பெருமைக்காகச் சுவரில் செதுக்கியதல்ல, அம்மா. மூட்டையில் எழுதும் சரக்கு அடையாளம். எந்த அரசனும் அதைப் பார்த்து மகிழப்போவதில்லை.

அதோடு கருங்காலி மரத் துண்டுகள், கரிய எரிமலைக் கண்ணாடிக் கற்கள், செங்கடலின் தென்கோடிப் பகுதிப் பானை ஓடுகள் ஆகியவையும் அங்கே கிடைத்தன. இவை எதுவும் நைல் சமவெளியில் விளைவதோ வனைவதோ அல்ல.

---

தச்சன்மகன் எழுதியது:

ஐயா, நல்ல பதிவு. நான் வரலாறு படித்தவன் அல்லன். எங்கள் அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டும் பட்டறையில் தச்சர். எனக்கும் அந்த வேலை கொஞ்சம் தெரியும். அதனால் ஒரு சந்தேகம்.

கயிறும் பெட்டியும் கரையில் கிடப்பதை வைத்துக் கப்பல் கடலில் போனது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஒட்டகத்திலோ கழுதையிலோ வந்த சரக்காகவும் இருக்கலாம் அல்லவா? எங்களைக் கேட்டால் மரத்தைக் காட்டு என்போம். ஒரு பலகையைக் கையில் கொடுத்தால் அது ஆற்றில் மிதந்ததா, கடலில் கிடந்ததா என்று அப்பா பார்த்தவுடன் சொல்லிவிடுவார். கப்பல்புழு அரித்திருந்தால் அது கடல்தான். நல்ல தண்ணீரில் அந்தப் புழு வாழாது.

---

மணற்கேணி எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா கேட்கும் அதே கேள்வியைத்தான் ஷெரில் வார்டு என்ற கப்பல் தொல்லியலாளர் கேட்டார். கவாசிஸ் மரங்களை ஆராய்ந்தவர் அவர். பதில் நீங்கள் சொன்னதேதான்.

அங்கே கப்பல் பலகைகள் நிறைய இருக்கின்றன. பல லெபனான் தேவதாரு மரம். அவற்றில் கப்பல்புழு துளைத்த ஓட்டைகள் நெருக்கமாக இருக்கின்றன. துளைகளுக்குள் புழு பூசிவிட்டுப் போன சுண்ணப் பூச்சுகூடத் தெரிகிறது. எனவே இந்தப் பலகைகள் மாதக்கணக்கில் உப்புநீரில் இருந்தவை. எந்த அரசனும் புழுவுக்குக் கட்டளையிட்டுப் பொய்ச்சான்று உண்டாக்க முடியாது. வகுப்பறைச் சன்னல் அம்மா கேட்டதற்கு என்னிடமுள்ள மிக உறுதியான பதில் இந்த ஓட்டைகள்தான்.

இன்னொன்று. குகைத் தரையிலும் வாசலிலும் மரச் சிராய்கள் குவிந்திருந்தன. கப்பல் திரும்பி வந்ததும் பிரித்து, பலகைகளில் புழு அரித்த பகுதியை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு, நல்ல மரத்தை மறுபடி எடுத்துவைத்திருக்கிறார்கள். மிச்சமான கெட்ட பலகைகளைக் குகை வாசலில் சரிவுப்பாதை போடப் பயன்படுத்தினார்கள். பட்டறைத் தரையில் நடப்பதெல்லாம் அங்கே அப்படியே இருக்கிறது.

நீங்கள் தச்சர் என்பதால் பலகைகளைச் சேர்த்த விதத்தையும் சொல்கிறேன். ஆணி கிடையாது. ஒவ்வொரு பலகையின் கனத்திலும் துளை வெட்டி, எதிர்ப் பலகையிலும் அதற்கு நேராகத் துளை வெட்டி, இடையில் கழுந்து செருகி அழுத்திப் பூட்டியிருக்கிறார்கள். பலகைகள் தேவைக்கு அதிகமான கனம். புழு அரிப்பதற்கென்றே கூடுதல் கனம் விட்டார்கள் என்பது வார்டின் கருத்து. கழுந்தைக் குச்சியடித்து நிரந்தரமாக இறுக்கவில்லை. ஏன் தெரியுமா? பிரிக்க வேண்டுமே.

வியப்பே இங்கேதான் இருக்கிறது. செங்கடல் கரையில் மரமும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. கப்பலை நைல் கரையில் கோப்டோஸ் நகரத்தில் கட்டினார்கள். பிறகு பலகை பலகையாகப் பிரித்து, 150 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தைக் கடந்து கழுதைகளோடும் ஆட்களோடும் கொண்டுவந்து, கரையில் மறுபடி பூட்டிக் கடலில் இறக்கினார்கள். திரும்பியதும் அதே வேலை, மறுதிசையில். (நீங்கள் ஒட்டகத்தைக் குறிப்பிட்டீர்கள், அந்தக் காலத்தில் எகிப்தில் ஒட்டகச் சுமைப் போக்குவரத்து இல்லை. எல்லாம் கழுதைதான்.) முதலாம் செனுஸ்ரெட் காலத்து அமைச்சர் அந்தெஃபோகர் வைத்த கல் ஒன்றை சையத் கண்டெடுத்தார். ஒரே பயணத்துக்கு 3,700 பேருக்கு மேல் திரட்டியதாக அதில் கணக்கு இருக்கிறது.

---

தச்சன்மகன் எழுதியது:

ஐயா, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கழுந்து என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய கேள்வி: "கலப்பத்து அடிக்காமல், இடைவெளியில் பஞ்சு திணிக்காமல், தண்ணீர் உள்ளே வராதா?" பிரித்துப் பிரித்துப் பூட்டும் மரத்தில் துளை தளர்ந்துபோகாதா என்றும் கேட்கச் சொன்னார்.

---

மணற்கேணி எழுதியது:

அதைச் செய்தே பார்த்துவிட்டார்கள், தம்பி. கவாசிஸ் பலகைகளின் கனத்தையும் ஹட்ஷெப்சுட் சுவர்க் கப்பலின் உருவத்தையும் சேர்த்து, வார்டின் வழிகாட்டலில் 20 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றைக் கட்டினார்கள். நைல் முகத்துவாரத்தில் ராஷித் ஊரின் படகுத் தச்சர்கள் கட்டியது. லெபனான் தேவதாரு இன்று பாதுகாக்கப்பட்ட மரம் என்பதால் டக்ளஸ் ஃபிர் மரத்தை எடுத்துக்கொண்டார்கள். கப்பலின் பெயர் "பாலைவனத்து மின்". மின் என்பது கோப்டோஸ் நகரத் தெய்வம்.

தண்ணீரில் இறக்கியபோது முதலில் கசிந்தது. மரம் ஊறி உப்பியதும் சந்துகள் தாமாக நெருங்கிக்கொண்டன. 2008-ன் இறுதியில் செங்கடலில் பாய் விரித்து ஓட்டினார்கள். அலை எழுந்த நாளிலும் கப்பல் கட்டுக்குலையாமல் போனது. வேகமும் எதிர்பார்த்ததைவிட அதிகம். துளை தளர்வது பற்றி: பழைய பலகைகளில் முந்தைய துளையின் பக்கத்திலேயே புதிய துளை வெட்டிய தடங்கள் இருக்கின்றன. ஒரே மரத்தைத் திருத்தித் திருத்தி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

---

பழைய ஏடு எழுதியது:

மணற்கேணி அவர்களின் உற்சாகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் ஒரு மறுப்பைச் சொல்லியே ஆக வேண்டும். கவாசிஸ் என்பது அரசாங்கம் எப்போதோ ஒருமுறை அனுப்பிய படையெடுப்புப் போன்றது. அதை வைத்து "கடலோடி இனம்" என்று சொல்ல மாட்டேன். துறைமுக நகரம் அங்கே இல்லை. கூடாரம் போட்டார்கள், போனார்கள், வந்தார்கள், குகையை மூடிவிட்டு வீடு திரும்பினார்கள்.

இந்த இழையில் யாராவது துருக்கியின் உலுபுருன் கப்பலைக் கொண்டுவருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய அந்தக் கப்பலில் 10 டன் செம்பும், 1 டன் தகரமும், எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த தங்க வண்டு முத்திரையும் இருந்தன. எகிப்துக்குப் போகும் பொருளும் எகிப்திலிருந்து வந்த பொருளும் அதில் உண்டு. ஆனால் கப்பல் எகிப்தியருடையதல்ல, மத்தியதரைக் கடலின் கிழக்கில் உள்ள கானான் கரையைச் சேர்ந்தது என்பதே பலரின் முடிவு. எகிப்தோடு வாணிபம் நடந்தது வேறு, எகிப்தியர் கப்பலோட்டியது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதே நேரம், மணற்கேணி கவாசிஸிலேயே நின்றுவிட்டார். அதைவிட 600 ஆண்டுகளுக்கு மேல் முந்திய துறைமுகம் ஒன்று இருக்கிறது. நான் ஏடுகளைப் படிப்பவன் என்பதால் எனக்கு மிகப் பிடித்த இடம்.

சூயஸ் வளைகுடாக் கரையில் வாதி அல்-ஜர்ஃப். 2011-லிருந்து பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் தாலேயின் குழு அங்கே தோண்டியது. பெரிய பிரமிடு கட்டிய கூஃபுவின் காலம், அதாவது கி.மு. 2600-ஐ ஒட்டிய ஆண்டுகள். கடலுக்குள் 150 மீட்டருக்கு மேல் நீளும் கல் அலைதடுப்பு, இன்றும் தண்ணீர் வற்றும்போது தலைகாட்டுகிறது. கரையிலிருந்து உள்ளே தள்ளி, பாறையைக் குடைந்து சுமார் 30 அறைகள். அவற்றில் பிரித்த படகு மரம், கயிறு, பாய்த்துணித் துண்டுகள். வாசலைப் பெரும் பாறைகளால் அடைத்து, மேலே சிவப்பு மையில் கூஃபுவின் பெயர். கரையோரக் கட்டடங்களுக்கு நடுவே 99 கல் நங்கூரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். சிலவற்றில் படகின் பெயர். படகு தண்ணீரில் இல்லாத காலத்தில் நங்கூரத்தைக் கழற்றிக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். வேறு எங்கும் எனக்கு இப்படித் தெரியவில்லை.

அங்கே போனது எதற்கு? எதிர்க்கரையில் சினாய். செம்பும் நீலப்பச்சைக் கல்லும் அங்கிருந்துதான் வந்தன. இந்தத் துறைமுகத்தில் சுட்ட அதே வகைப் பானைகள் எதிர்க்கரையில், ராஸ் புத்ரான் கோட்டையில் கிடைத்திருக்கின்றன. பானையே சாட்சி. கரையைச் சுற்றிப் போகாமல் குறுக்கே கடந்திருக்கிறார்கள்.

2013-ல் அந்த அறைகளின் வாசலில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. இதுவரை கிடைத்த எழுதிய ஏடுகளில் இவையே மிகப் பழையவை. மெரெர் என்ற கண்காணிப்பாளரின் நாள்குறிப்பு. துரா கல்குவாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றினோம், இரவு இங்கே தங்கினோம், கூஃபுவின் பிரமிடுக்குக் கல்லை இறக்கினோம் என்று நாளொன்றுக்கு இரண்டு வரி. பிரமிடுக்குக் கல் ஏற்றிய அதே ஆட்கள்தான் பின்னர் செங்கடல் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஆற்றுப் படகோட்டி வேறு, கடலோடி வேறு என்று நாம் போட்ட கோட்டை மெரெரின் ஏடு அழித்துவிடுகிறது. இந்த இடத்தில் என் சொந்த மறுப்பையே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

---

குறிஞ்சிமலர் எழுதியது:

அருமையான தகவல்கள். இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா? எகிப்தில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை கிடைத்திருக்கிறது. இரண்டாம் ராமேசஸின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. அப்படியானால் பாரோக்களின் கப்பல்கள் நம் கரைக்கு வந்தன என்றுதானே பொருள்?

---

பழைய ஏடு எழுதியது:

குறிஞ்சிமலர், நீங்கள் சொன்ன இரண்டுமே உண்மையான கண்டுபிடிப்புகள். ஆனால் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

செங்கடல் கரையில் குசெய்ர் அல்-காதிமில் "கண்ணன்", "சாதன்" என்ற பெயர்களும், "பானை ஒறி" என்ற சொல்லும் தமிழ் பிராமியில் கிடைத்தன. ஒறி என்பது உறி. பானையைத் தொங்கவிடும் உறியை எழுதிவைத்த அந்த மனிதரை நினைக்கும்போது எனக்கும் நெஞ்சு நிறைகிறது. செங்கடலின் இன்னொரு துறைமுகமான பெரெனிகேயில் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகு இருந்தது. ஆனால் இவையெல்லாம் எகிப்து ரோமப் பேரரசின் கீழ் இருந்த காலத்தவை. கவாசிஸ் கயிற்றுக்கும் இவற்றுக்கும் இடையே 1,800 ஆண்டுகள். பருவக்காற்றைப் பிடித்துப் பெருங்கடலைக் குறுக்கே கடந்த காலம் அது.

ராமேசஸ் மம்மியின் மிளகு கி.மு. 1213-ஐச் சேர்ந்தது, ஆகவே தென்னிந்தியப் பொருள் ஒன்று எகிப்துக்கு எட்டியிருக்கிறது. பல கை மாறிப் போயிருக்கலாம். சில மிளகுமணிகள் போயின என்பதற்கும் பாரோவின் கப்பல் இங்கே வந்தது என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. நம்மவர் பெருமை நமக்கு வேண்டும். அது மண்ணில் கிடைத்த அளவுக்கு இருந்தால் யாரும் பறிக்க முடியாது.

---

முத்துக்குளி எழுதியது:

நான் கடற்கரை ஊர்க்காரி. அம்மா சுவரைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். ஆனாலும் சுவருக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும்.

டேர் எல்-பஹ்ரியில் உள்ள ஹட்ஷெப்சுட் கோயில் சுவரில் கப்பலுக்குக் கீழே தண்ணீர் வரைந்து, அதில் மீன்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்கி இறால் இருக்கிறது! அதன் நீண்ட மீசை, கால்கள், வால் விசிறி எல்லாம். பக்கத்தில் கணவாய். இவை ஆற்றில் வாழ்பவை அல்ல. மீன்களில் பலவற்றைச் செங்கடல் இனங்கள் என்று மீனியல் அறிஞர்கள் பெயர் சொல்லி அடையாளம் கண்டிருக்கிறார்கள். நைல் கரையிலேயே உட்கார்ந்திருந்த ஒருவன் சிங்கி இறாலை அப்படிச் செதுக்க முடியாது. யாரோ பார்த்துவிட்டு வந்து, வரைந்து கொடுத்திருக்க வேண்டும். பெருமைக்காகச் செதுக்கிய சுவர் என்பது உண்மைதான். ஆனால் இறாலை யாரும் பெருமைக்காகச் செதுக்குவதில்லை.

அதே சுவரில் கப்பலின் கயிறுகள் மேல் குரங்குகள் ஏறித் திரிகின்றன. அவை எகிப்தில் வாழ்ந்த இனமல்ல. கோயிலுக்கென்று கொண்டுவந்து வளர்த்து, இறந்ததும் மம்மி ஆக்கினார்கள். 2020-ல் வெளியான ஆய்வில் அந்த மம்மிக் குரங்குகளின் பல்லிலும் எலும்பிலும் உள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தை அளந்தார்கள். பிறந்த மண்ணின் அடையாளம் பல்லில் தங்கிவிடும். எரித்ரியா, எத்தியோப்பியா, சோமாலியா பக்கம் என்று பதில் வந்தது. 2023-ல் பிற்காலக் குரங்கு மம்மி ஒன்றின் மரபணுவும் எரித்ரியப் பக்கத்தையே காட்டியது. பூந்த் எங்கே என்று நூற்றைம்பது வருடமாக நடந்த வாதத்தில் குரங்கின் பல் இவ்வளவு தூரம் வழிகாட்டியிருக்கிறது.

---

மணற்கேணி எழுதியது:

முத்துக்குளி, அந்த இறாலை நான் பலமுறை பார்த்தும் கவனித்ததில்லை. நன்றி.

மத்தியதரைக் கடல் பக்கத்தை இந்த இழையில் தொடவே இல்லை. சுருக்கமாக: ஸ்னெஃப்ரு அரசன் காலத்தில் தேவதாரு மரம் ஏற்றிய 40 கப்பல்கள் வந்ததாகப் பலெர்மோ கல் என்ற பழைய அரசர் குறிப்புக் கல்வெட்டில் இருக்கிறது. கடற்கப்பலுக்கு எகிப்தியர் வைத்த பெயரே "பிப்லோஸ் கப்பல்". லெபனான் கரையில் மரம் வாங்கப் போன ஊரின் பெயர், கப்பலுக்கும் ஆகிவிட்டது. பிப்லோஸ் மரம் இல்லாமல் கூஃபுவின் 43 மீட்டர்ப் படகும் இல்லை, கவாசிஸ் பலகையும் இல்லை. வடகடலில் வாங்கிய மரத்தைப் பாலைவனத்தில் சுமந்து தென்கடலில் மிதக்கவிட்டிருக்கிறார்கள்.

---

வகுப்பறைச் சன்னல் எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. திங்கட்கிழமை வகுப்பில் முதல் வேலையாக, போன வாரம் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். கேள்வி கேட்ட பிள்ளையை முன்னால் அழைத்து நீங்கள் எழுதியதை அவளையே வாசிக்கச் சொன்னேன்.

தச்சன்மகன் தம்பி தனிமடலில் முகவரி கேட்டு, பட்டறையில் கழித்துப்போட்ட புழு அரித்த பலகைத் துண்டு ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருந்தார். ஒரு முழ நீளம் இருக்கும். மேலே பார்த்தால் குண்டூசி அளவு துளைகள்தான். பக்கவாட்டில் அறுத்த இடத்தில் பென்சில் நுழையும் அளவு குழாய்கள், உள்ளே வெள்ளைப் பூச்சு. அப்பா ஒரு தாளில், "மேலே சின்ன ஓட்டை, உள்ளே வீடு" என்று எழுதி மடித்து வைத்திருந்தார்.

பலகை வரிசை வரிசையாகப் போனது. ஒவ்வொரு பிள்ளையும் பென்சிலை விட்டுப் பார்த்தது. மணி அடித்த பிறகும் பத்துப் பேர் போகவில்லை. ஒரு பையன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்: குகைக்குள் கயிற்றை அவ்வளவு ஒழுங்காகச் சுற்றி வைத்தவர்கள், அதை எடுக்க ஏன் திரும்பி வரவில்லை?

---

மணற்கேணி எழுதியது:

நல்ல கேள்வி. அங்கே கிடைத்த அரசர் பெயர்களில் பிந்தியது நான்காம் அமெனெம்ஹட்டுடையது. அவனுக்குப் பிறகு சில ஆண்டுகளில் பன்னிரண்டாம் அரச மரபு முடிந்துவிட்டது; அரசு பலவீனப்பட்டது. மூவாயிரம் பேரைத் திரட்டிப் பாலைவனத்தில் அனுப்பும் வலிமை அடுத்து வந்தவர்களிடம் இல்லை. அதற்குள் ஓடை கொண்டுவந்த மண் காயலைத் தூர்க்கத் தொடங்கியிருந்தது. கயிற்றைச் சுற்றி வைத்தவனுக்கு அது கடைசிப் பயணம் என்று தெரிந்திருக்காது. பையனிடம் இதைச் சொல்லுங்கள், அம்மா. அவனுக்கு வேறு காரணம் தோன்றினால் அதையும் இங்கே எழுதுங்கள்.